பாதை நிறைவுப் பிரிவு

எங்கள் வார்டில் ஒன்பது டயாலிசிஸ் மெஷின்கள், இருபத்து மூன்று நோயாளிகள், ஒரு பட்டியல். மெஷின் கெட்டால் நான் சரி செய்துவிடுவேன். டெக்னீஷியன் என்று எனக்குப் பெயர் வைத்திருப்பது அதற்குத்தான். நோயாளிக்கு மூச்சு வாங்கினால் டாக்டர் பார்த்துக்கொள்வார். பட்டியல் கெட்டால் என்ன செய்வது என்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

பட்டியல் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. யாருக்கு எந்தக் கிழமை, எந்த நேரம், எந்தப் படுக்கை. ஆளுக்கு ஒரு வரி. முன்பு அது என் மேஜை மேலிருக்கும் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. ஒரு புதன்கிழமை அதை இங்கிருந்து எடுத்து, இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் வைத்தார்கள். அங்கே பத்திரமாக இருக்கும் என்றார்கள். பத்திரமாகத்தான் இருந்தது. ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு வரிதான் என்று அங்கே ஒரு விதி இருந்ததால், மாற்றும்போது இருபத்து மூன்றாவது வரி மட்டும் காணாமல் போனது.

இருபத்து மூன்றாவது வரி என் மாமா. அம்மாவின் கூடப் பிறந்த தம்பி, தையல்காரர். என் ஒன்றாம் வகுப்புச் சீருடையிலிருந்து இப்போது நான் போட்டிருக்கும் ஆஸ்பத்திரி கோட்டு வரை அவர் கைத் தையல்தான். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி, காலையில் நான்கு மணி நேரம், ஒன்பதாம் படுக்கை; அது அவருக்கு மட்டும்தான். இதில் ஒரு நாள் தவறினால் கால் வீங்கும். இரண்டு நாள் தவறினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

வியாழக்கிழமை காலை மாமா வழக்கம்போல வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கையில் உட்கார்ந்தார். ஸ்டோர்க்காரர் குழாய்களை எடுத்துக் கொடுக்கும் முன் புதிய பட்டியலைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார்.

"பேரு இல்லியே. பேரு இல்லாம ட்யூப் எடுத்துக் குடுக்க முடியாதுங்க."

"அதான் நானே வந்து உக்காந்திருக்கேனே, போதாதா?" என்றார் மாமா.

"நீங்க இருக்கீங்க. லிஸ்ட்ல இல்ல. ரெண்டும் இருக்கணும்."

எங்கள் பெரிய சிஸ்டர் இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு விதியைக்கூட மீறாதவர். அவர் மாமாவின் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழுந்தது, உடனே எழவில்லை.

"ஒரு வரிதானேம்மா? சேர்த்துட்டு பிரிண்ட் எடுத்துக்கிட்டு வா. அஞ்சு நிமிஷம்" என்றார் என்னிடம்.

ஐந்து நிமிஷம் என்றுதான் நானும் நினைத்தேன்.

தூரத்தில் இருக்கும் ஒரு ஃபைலைத் திறக்க அதன் பாதையைச் சொல்ல வேண்டும். எந்த ஃபோல்டர், அதற்குள் எந்த ஃபோல்டர் என்று வரிசையாக. நடுநடுவே ஒரு சாய்கோடு. எங்கள் பட்டியலின் பாதை எனக்கு மனப்பாடம்: மருத்துவமனைகள், வடக்கு, சிறுநீரகம், வாரப்பட்டியல், கடைசியில் நடப்பு. ஆனால் அதை முழுசாக அடிக்கக் கூடாது. இரண்டு மூன்று எழுத்து அடித்துவிட்டு டேப் கீயை அழுத்த வேண்டும். மீதியைத் தலைமை அலுவலகமே நிறைவு செய்து அனுப்பும். மீறி நாலாவது எழுத்தை அடித்தால், அது உட்கார்ந்த இடம் தெரியாமல் அழிந்துவிடும்.

'மரு' என்று அடித்து டேப்பை அழுத்தினேன். ஒரு வட்டம் சுற்றியது. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினேன். கதவைத் தட்டித் திறக்காவிட்டால் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தேன். பதினான்கு தடவை அழுத்தினேன். திரையில் ஒரு வரி வந்தது: 'தங்கள் பாதை பரிசீலனையில் உள்ளது.'

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல் எடுத்தது.

"பதினாலு விண்ணப்பம் போட்டிருக்கீங்களே மேடம்?"

"ஒரே விண்ணப்பம்தாங்க. கீயைப் பதினாலு தடவ அழுத்திட்டேன்."

"அதான் சொல்றேன். ஒவ்வொரு தடவ அழுத்தும்போதும் பழசு ரத்தாகி, புதுசு வரிசையில கடைசிக்குப் போயிடும். இப்ப நீங்க கடைசியில இருக்கீங்க. நேர்ல வந்து பதிமூணையும் வாபஸ் வாங்கினா நல்லது."

மாமாவை அவசரப் பிரிவில் சேர்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சேர்க்கலாம், அங்கே படுக்கை உண்டு, ஆக்ஸிஜன் உண்டு. மெஷின் எங்கள் வார்டில்தான் உண்டு. எங்கள் வார்டுக்குப் பட்டியல் வேண்டும். மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் பஸ் ஏறினேன்.

தலைமை அலுவலகம் ஆறு மாடி. அதில் ஒன்று பாக்கியில்லாமல் பாதை நிறைவுப் பிரிவுக்கே கொடுத்திருந்தார்கள். டேப் கீயை அழுத்தினால் ஏதோ கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எழுத்துகளை நிரப்புகிறது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. நான் ஊரில் டேப்பை அழுத்தியதும் இங்கே ஒரு சீட்டு அச்சாகி வெளியே வருகிறது. அதை ஒருவர் கிழிக்கிறார். இன்னொருவர் எண் போடுகிறார். மூன்றாமவர் அதை ஒரு தட்டில் வைத்து ஊகக் குழுவின் அறைக்குக் கொண்டுபோகிறார். தட்டு பளபளவென்று துடைத்து வைத்திருந்தது.

பதிமூன்று சீட்டுகளையும் தனித்தனியாக வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். 'அவசர மனப்பான்மைக்கு வருந்துகிறேன்' என்று ஒவ்வொன்றிலும் அச்சடித்திருந்தது. பதினான்காவது சீட்டு குழுவுக்குள் போனது. கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குழுவில் மூன்று பேர்: ஒரு தலைவர், ஒரு உறுப்பினர், குறிப்பு எழுதுபவர்.

"'மரு' என்று இருக்கிறது" என்றார் தலைவர், நியாயத் தீர்ப்பு வாசிப்பவர்போல. உத்தியோகபூர்வமான விஷயம் என்றால் அங்கே புத்தகத் தமிழில்தான் பேசுவார்கள். "மருந்தாக இருக்கலாம். மருத்துவமனையாக இருக்கலாம்."

"மருமகளாகவும் இருக்கலாம்" என்றார் உறுப்பினர்.

"மருமகள்களுக்கென்று நம்மிடம் ஃபோல்டர் இருக்கிறதா?"

"இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? தேடாமல் சொல்வது தவறான முன்னுதாரணம்."

தேடச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

நான் எழுந்து வாசலில் நின்றேன். "மருத்துவமனைகள் சார். நான்தான் அடிச்சேன். எனக்குத் தெரியும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். குறிப்பு எழுதுபவர் அதையும் எழுதினார். தலைவர் கோபப்படவில்லை, நோயாளியின் உறவினரிடம் பேசும் டாக்டரைப்போல மிருதுவாகப் பேசினார்.

"அம்மா, பயனர் என்ன தேடுறார்னு பயனருக்கே தெரியும்னா நாங்க எதுக்கு? போய் உக்காருங்க."

முதல் ஃபோல்டர் கிடைக்க மத்தியானம் ஆயிற்று. கிடைத்ததும் அடுத்ததற்குப் போக முடியவில்லை. நடுவில் சாய்கோடு போட வேண்டும். அது கீழ்த் தளத்தில் தனி அறை. அங்கே தலை முழுக்க நரைத்த ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைச் சாய்கோட்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் போனை எடுத்தால் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

"உங்களுக்கு எத்தன கோடு வேணும்?"

"நாலுங்க."

"நாலா! போன வாரம் பூரா எனக்கு மூணுதான் வந்துச்சு." சந்தோஷமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. ஆனா ஒண்ணு, இது வலப்பக்கம் சாயணுமா இடப்பக்கம் சாயணுமான்னு ஏழு வருஷமா ஒரு வழக்கு நடக்குது. தீர்ப்பு வர்ற வரைக்கும் ரெண்டு பக்கமும் சாயாம, நேரா ஒரு கோடு போட்டு, மேலதிகாரிகிட்ட ஒப்புதல் வாங்கி அப்புறம் சாய்க்கணும்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாமாவின் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒப்புதலுக்கு அனுப்பாமல் கோட்டைச் சாய்த்துவிட்டு, "வழக்கு நடக்கட்டும்" என்றார்.

வியாழக்கிழமை 'மருத்துவமனைகள்', 'வடக்கு'. வெள்ளிக்கிழமை 'சிறுநீரகம்', 'வாரப்பட்டியல்'. இரண்டு நாளில் நான்கு வார்த்தை, எட்டு மணி நேர பஸ். வீட்டுக்குப் போனால் மாமா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு திணறுகிறதாம். அம்மா அவருக்கு ஸ்பூனால் அளந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, என் பேரு கிடைச்சுதா?" என்றார் மாமா.

"வாரப்பட்டியல் வரைக்கும் வந்துட்டேன் மாமா. நாளைக்கு முடிஞ்சிடும்."

"நான் ஒரு நாள்ல மூணு சட்ட தைப்பேன். இவனுங்க ரெண்டு நாள்ல நாலு வார்த்த எழுதியிருக்கானுங்க. துணி குடுத்தவன் அதுக்குள்ள வளந்திருப்பான்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவர் இருமினார். இருமல் நிற்க வெகு நேரம் ஆயிற்று. எனக்கு அந்த ஆறு மாடியையும் அடியோடு பிடுங்கிப் போட வேண்டும்போல இருந்தது.

சனிக்கிழமை காலை குழு 'நட' என்பதை எடுத்துக்கொண்டது. 'நடனம்' என்று உறுப்பினர் ஆரம்பிக்கும்போதே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதினொன்றரைக்கு முடிவு வந்தது. பெரிய திரையில் முழுப் பாதையும் தெரிந்தது. கடைசியில் 'நடப்பு' என்று ஓர் எழுத்துகூடக் குறையாமல் இருந்தது. அதன் கீழே சிவப்பில் ஒரு வாசகம்: 'நிறைவடைந்தது, ஆனால் தனித்ததல்ல.'

"முடிஞ்சிடுச்சுல்ல சார்? திறங்க" என்றேன்.

"முடிந்தது. ஆனால் முடியவில்லை" என்றார் தலைவர். "அந்த ஃபோல்டரில் 'நடப்பு' என்று ஒன்று இருக்கிறது. 'நடப்பு பழையது' என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான வரை நிறைவு செய்துவிட்டோம். அதற்கு மேல் எது என்று முடிவெடுக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை."

"நான் முடிவெடுக்கிறேன். முதல்ல இருக்கிறதுதான்."

"அந்த அதிகாரம் உங்களுக்கும் இல்லை."

"பின்னே யாருக்குத்தான் இருக்கு?"

இயக்குநருக்கு. இயக்குநர் வந்தார். எனக்காக வரவில்லை, பிரிவைப் பார்வையிட வந்த விருந்தினர் இருவருக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் ஒரு மாதிரிப் பயனர் கிடைத்துவிட்டார் என்று முகம் மலர்ந்தது.

"பாருங்கள்," என்றார் விருந்தினர்களிடம், "மூன்று வருடங்களுக்கு முன்பு ஒருவர் முழுப் பாதையையும் தன் கையாலேயே அடித்து, ஒரு ஃபைலைத் திறந்துவிட்டார். ஒரு பிழையும் இல்லாமல்! அன்று முழுவதும் இந்தப் பிரிவில் எழுபது பேர் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த அவமானத்தை நாங்கள் மறக்கவில்லை. அதனால்தான் நாலாவது எழுத்தைத் தடை செய்தோம். இன்று எங்கள் உதவி இல்லாமல் யாரும் எதையும் திறக்க முடியாது. உதவி தேவைப்படுவோர் எண்ணிக்கை நூற்றுக்கு நூறாக உயர்ந்திருக்கிறது. இதுதான் சேவை."

விருந்தினர்கள் கைதட்டினார்கள். அப்போதுதான் என் போன் அடித்தது. பெரிய சிஸ்டர்.

"மாமாவ அவசரப் பிரிவுக்குக் கொண்டு வந்துட்டாங்கம்மா. உதடு நீலமா இருக்கு. ஈசிஜி நல்லா இல்ல. ஒன்பதாவது மெஷின ரெடியா வெச்சிருக்கேன். ட்யூப் மட்டும்தான் வேணும். எங்க இருக்க நீ?"

"பட்டியலுக்கு முன்னாடிதான் நிக்கிறேன் சிஸ்டர்" என்றேன்.

நிஜமாகவே அதற்கு முன்னால்தான் நின்றேன். பாதை திரையில் இருந்தது. முழுசாக இருந்தது. இனி ஓர் எழுத்தும் அடிக்க வேண்டியதில்லை. திரைக்குக் கீழே கீபோர்டு, அதன் வலப்பக்கத்தில் என்டர் கீ. எழுபது பேரும் ஆறு மாடியும் ஏழு வருஷ வழக்கும் சேர்ந்து எனக்கும் அந்தக் கீக்கும் நடுவில் வைத்திருந்தது ஒரு முழம் இடைவெளி.

கையை நீட்டி அழுத்தினேன்.

ஃபைல் திறந்தது. ஒரு கண் சிமிட்டலுக்குள் திறந்தது. இருபத்திரண்டு வரிகள். என் முழங்கையால் தலைவரைத் தள்ளிவிட்டு, கடைசியில் மாமாவின் வரியை அடித்து, சேமித்து, எங்கள் வார்டு பிரிண்டருக்கு அனுப்பினேன். குறிப்பு எழுதுபவர்கூடப் பேனாவைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். அவர்கள் என் மேல் கோபமாக இருந்ததாகத் தெரியவில்லை. பயந்திருந்தார்கள்.

"சிஸ்டர், பிரிண்ட் வருது, எடுங்க" என்று போனில் கத்திக்கொண்டே படியிறங்கி ஓடினேன்.

நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் மாமா இரண்டு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டார். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? கோட்டுல பட்டன் ஒண்ணு அறுந்திருக்கு பாரு" என்றார். நான் மெஷின் பின்னால் போய் நின்று அழுதேன். டெக்னீஷியன் அங்கே நின்றால் ஏதோ பார்க்கிறாள் என்று நினைத்து யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். திங்கட்கிழமை விசாரணை வைத்தார்கள். குற்றச்சாட்டு: சரியான ஃபைலைத் தவறான முறையில் திறந்தது.

"நீங்கள் திறந்தது சரியான ஃபைல்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் இயக்குநர்.

"மாமா உயிரோட இருக்கார் சார்."

"அது மருத்துவம். நான் ஆதாரம் கேட்கிறேன்."

உத்தரவு அன்றைக்கே தயாராயிற்று. அந்தக் கட்டடத்தில் ஒரே நாளில் நடந்த ஒரே காரியம் அதுதான். என் சம்பள உயர்வை ஒரு வருஷம் நிறுத்தினார்கள், அது போகட்டும். 'முறையற்ற திறப்பின் விளைவுகளைச் சரி செய்து, ஃபைலை முந்தைய நிலைக்குக் கொண்டுவரவும்' என்றும் எழுதியிருந்தார்கள். அதாவது மாமாவின் வரியை எடுத்துவிட்டார்கள். வேண்டுமானால் நான் முறைப்படி 'மரு'விலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாமாம்.

மறுநாள் செவ்வாய். காலையில் பட்டியல் அச்சாகி வந்தது, இருபத்திரண்டு வரிகளோடு. மாமா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். பெரிய சிஸ்டர் பட்டியலைக் கையில் வாங்கி, மேஜைமேல் வைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இருபத்திரண்டாவது வரிக்குக் கீழே மாமாவின் பெயர், கிழமை, நேரம், படுக்கை எல்லாவற்றையும் நீல மையில் நிதானமாக எழுதினார். எழுதிவிட்டு ஸ்டோர்க்காரரிடம் நீட்டினார்.

ஸ்டோர்க்காரர் பட்டியலைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார்.

"பேரு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குழாய்களை எடுக்கப் போனார்.

மூன்று மாதமாக இப்படித்தான் நடக்கிறது. புதிதாக யார் வந்தாலும் பேனாதான். நாங்கள் யாரும் டேப் கீயைத் தொடுவதில்லை. மற்ற ஆஸ்பத்திரிகளும் எப்படியோ இதைத் தெரிந்துகொண்டு பேனா வாங்கிவிட்டன. பாதை நிறைவுப் பிரிவுக்கு வரும் சீட்டுகள் அநேகமாக நின்றே போயின. அதை அவர்கள் ஆண்டறிக்கையில் இப்படி எழுதினார்கள்: 'நிறைவு பெறாத பாதை ஒன்றுகூட நிலுவையில் இல்லை.' அந்தச் சாதனைக்காக இன்னும் முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது.

"சாய்கோட்டுக்காரன் பேசறேம்மா. ஒரு சமாசாரம். உங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு உத்தரவு போட்டிருக்காங்க. ஃபைல்படி ஒன்பதாம் படுக்கை மூணு மாசமா காலியா இருக்காம். சும்மா கிடக்கிற மெஷின உடனே கழட்டித் திருப்பி அனுப்பச் சொல்லி."

"எப்ப வரும் அது?"

"உங்க ஆஸ்பத்திரி ஃபோல்டர்ல போடணுமில்லையா? பாதை முடியணும். மூணு கோடு போட்டாச்சு. கடைசிக் கோடுதான் பாக்கி. சீட்டு இப்ப என் மேஜைமேல இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "ஆனா எனக்கு நேத்துலேருந்து கை வலிம்மா. கோடு சாய்க்கவே வரல."

ஒன்பதாம் மெஷினைத் திரும்பிப் பார்த்தேன்.

"மாமா எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கார்ங்க. நேத்து மெஷின்ல இருந்துக்கிட்டே ரெண்டு சட்டைக்கு காஜா எடுத்தார்."

"அப்படியா?" என்றார் சாய்கோட்டுக்காரர். "அப்ப இந்த வலி இப்போதைக்குப் போகாது."